பத்தாவது கல்லூரி

செப்டம்பர் 26, வியாழன்

பாளையங்கோட்டையில் கூட்டம். பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். தலைவர் பதினொன்றே காலுக்கு வந்தார். தென்பொருநைக் கல்லூரிகள் விளையாட்டுப் பேரவையில் இதுவரை எட்டுக் கல்லூரிகள். இனிமேல் பத்து. இதை முடிவு செய்ய மூன்று வருடமும் கணக்கில்லாத உளுந்த வடையும் தேவைப்பட்டன.

ஐந்து கல்லூரிகள் விண்ணப்பித்திருக்கின்றன. டீ நேரத்தில் எல்லா உடற்கல்வி இயக்குநர்களும் தேர்தல் முடிவு சொல்கிறவர்களாக மாறிவிட்டோம். நாலுவழிச் சாலை ஓரத்துப் புதுக் கல்லூரி நிச்சயம் உள்ளே வந்துவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. விண்ணப்பத்தோடு முந்திரி கேக்கும் அனுப்பியிருந்தார்கள். இரண்டு கல்லூரிகளிடம் உரிய காகிதங்கள் இல்லை, இன்றே கழித்தாயிற்று. மிச்சமிருக்கும் பத்தாவது இடத்துக்குத்தான் போட்டி. ஒன்று கடற்கரைப் பக்கத்துக் கல்லூரி. இன்னொன்று ஆனைக்கல்குளம் பெண்கள் கல்லூரி.

ஆய்வுக் குழுவில் செயலாளர் மிக்கேல் சாரும் நானும். “நாயகம், நீங்க எழுதுன ரூலு. நீங்களே வந்து அளந்துருங்க” என்றார். அந்த விதி இதுதான்: ‘ஆய்வு நாளன்று ஆடுகளம் ஆடத்தக்க நிலையில் இருத்தல் வேண்டும்.’ நான்கு வருடம் முன்பு ஒரு கல்லூரியில் போய் கிரவுண்டு எங்கே என்று கேட்டதற்கு, மேசையில் வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். அந்தக் கடுப்பில் எழுதியது. அன்றைக்கு எல்லாரும் மேசையைத் தட்டினார்கள், எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 28, சனி

காலையில் முப்பிடாதி போன் செய்தாள். ஆனைக்கல்குளத்தின் உடற்கல்வி இயக்குநர். பி.பி.எட். படிக்கும்போது எனக்கு ஒரு வருடம் இளையவள். ஓட்டத்தில் எங்கள் வகுப்பு ஆண்களில் பாதிப் பேரை முந்துவாள். அந்தப் பாதியில் நானும் ஒருவன்.

“அண்ணாச்சி, ஒரே ஒரு வேண்டுகோள்தான். எங்க ஆய்வ அக்டோபர் பதினஞ்சுக்கு முந்தி வச்சிருங்க. எங்க கிரவுண்டு எதுன்னு உங்களுக்குத் தெரியும்லா.”

தெரியும். அவர்கள் கிரவுண்டு குளம்தான். கல்லூரிக்கென்று இருப்பது இரண்டு ஏக்கர், அதில் கட்டடம் போக ஒரு வேப்பமரம் நிற்கலாம். அதனால் பின்னால் இருக்கும் குளத்துக்குள் இறங்கி ஆடுகிறார்கள். ஊராட்சி எழுதிக் கொடுத்த அனுமதி இருக்கிறது. தை கடைசியில் தண்ணீர் வற்றினால் ஐப்பசி வரை அது மைதானம். பிறகு அது குளம்.

“மழ விழுந்துட்டுன்னா அப்புறம் அது மீனுக்குத்தான் சொந்தம். ஒன்பதாம் தேதி வாங்களேன்” என்றாள். சரி என்றேன். நாட்காட்டியில் வட்டம் போட்டேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

கபடித் தளத்துக்குச் சுண்ணாம்பு வாங்கினேன். கைப்பந்து வலையில் எலி கடித்த இடத்தை நானே முடிந்தேன். அலுவலகத்தில் கேட்டால் புது வலைக்கு மூன்று கொட்டேஷன் கேட்பார்கள், அதற்குள் எலிக்குப் பேரன் பிறந்துவிடும்.

பெண்கள் கபடி அணிக்குப் பயிற்சி மாலை ஆறு வரை. கேப்டன் செண்பகம். என் மகள். இப்படி எழுதும்போதெல்லாம் யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. என் கல்லூரியில் படித்து, என் அணியில் ஆடி, கேப்டனும் ஆனவள் என்றால் ஊர் என்ன பேசும் என்று தெரியும். அதனாலேயே அவளை மற்றவர்களைவிட இரண்டு ரவுண்டு அதிகமாக ஓட விடுவேன்.

இது அவளுக்கு மூன்றாம் ஆண்டு. ஜனவரிப் போட்டி முடிந்ததும் பேரவைக் கல்லூரிகளிலிருந்து கூட்டு அணிக்குப் பன்னிரண்டு பேரை எடுப்பார்கள். அதில் எதிர்ப் பக்கம் ரைடு பாடிப் போகிறவர்கள் மூன்று பேர். கூட்டு அணியில் ஆடிய சான்றிதழை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்கலாம், அதற்குத் தனி மதிப்பு உண்டு. போன வருடம் செண்பகம் நான்காவதாக நின்றாள். இந்த வருடம் முன்னே நின்ற மூவரில் ஒருத்தி படித்து முடித்துப் போய்விட்டாள்.

ஆகஸ்டில் ஆனைக்கல்குளத்தோடு நட்புக்காக ஒரு ஆட்டம் ஆடினோம். நாற்பத்தொன்று, இருபத்துமூன்று. நாற்பத்தொன்று யாருக்கு என்று இங்கே எழுத வேண்டியதில்லை. மாரிக்கனி என்று ஒரு பெண், அவளும் மூன்றாம் ஆண்டு. அவள் ஒருத்தியே பதினேழு எடுத்தாள். செண்பகத்தை ஐந்து முறை தொட்டுவிட்டுப் போனாள். வெளிச்சம் போதவில்லை என்று அன்றைக்கு இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். ஆட்டம் நடந்தது காலை ஒன்பது மணிக்கு.

அக்டோபர் 5, சனி

நாலுவழிச் சாலைக் கல்லூரியில் ஆய்வு. பன்னீர் தெளித்தார்கள். எனக்கும் மிக்கேல் சாருக்கும் பொன்னாடை, நாதஸ்வரம் மட்டும்தான் இல்லை. புல்தரை போன வாரம் சுருட்டிக்கொண்டு வந்து விரித்தது. ஓரத்தில் இன்னும் மண் பிடிக்கவில்லை, மிக்கேல் சார் ஷூ முனையால் தூக்கிப் பார்த்தார், மெதுவாகத் திரும்ப வைத்தார். புதுச் சட்டை போட்ட பையன்களிடம் கூடைப்பந்தைக் கொடுத்தால் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்கள்.

ஆனாலும் படிவத்தில் கேட்டது எல்லாம் இருந்தது. எல்லாவற்றுக்கும் ‘உண்டு’. பிரியாணிக்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்திருந்தால் அதற்கும் ‘உண்டு’ போட்டிருப்போம்.

அக்டோபர் 8, செவ்வாய்

செண்பகத்துக்குக் காய்ச்சல். நாளைய ஆனைக்கல்குளம் பயணத்தைத் தள்ளி வைத்தேன்.

அக்டோபர் 9, புதன்

காலையில் செண்பகம் நாலு தோசை சாப்பிட்டாள், பயிற்சிக்கும் போனாள். நேற்று மாலை மைதானத்திலிருந்து வந்தவளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தபோது சூடாகத்தான் இருந்தது. தெர்மாமீட்டர் கிடைக்கவில்லை.

மிக்கேல் சார் வேறு தேதி கேட்டார். “நாளைக்கு நான் சும்மாத்தான் இருக்கேன். இல்லன்னா பதினாலு.” நாளைக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வில் மேற்பார்வை என்றேன். வெள்ளி, சனி ஆயுத பூஜை, விஜயதசமி. பதினான்காம் தேதி முதல்வர் கூட்டம் வைத்தாலும் வைப்பார் என்றேன். கடைசியில் பதினேழு என்று முடிவானது. விடுமுறை நடுவில் வந்தது என் கையிலா இருக்கிறது.

முப்பிடாதியிடம் நானே போனில் சொன்னேன். “சரி அண்ணாச்சி. பிள்ளைய நல்லாப் பாத்துக்கிடுங்க. சுண்ணாம்பு நேத்து சாயந்திரமே போட்டுட்டோம், அது அழியாம இருந்தாச் சரி” என்றாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஸ்கூட்டரைக் கழுவினேன். கழுவி முடித்ததும் உலகு, “வானத்தப் பாத்துமா வண்டியத் தொடைக்கிய?” என்றாள். உலகு என் மனைவி. கேள்வி கேட்பதில் பேரவைத் தலைவரைவிடக் கெட்டிக்காரி. செய்தியில் மழை பற்றி ஏதோ சொன்னார்களாம். அவள்தான் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் நடந்து போகும்போது காதில் விழுந்ததோடு சரி. இரண்டு முறை நடந்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. விடிய ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை.

அக்டோபர் 16, புதன்

மழை. பயிற்சி இல்லை.

அக்டோபர் 17, வியாழன்

எழுதிவிடுகிறேன். இன்றைக்கு எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதிவிடுவேன்.

மிக்கேல் சார் காரில் போனோம். மழை விட்டிருந்தது. மேலே இருக்கும் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து, ஆனைக்கல்குளத்துக்கு முந்தாநாள் ராத்திரியே தண்ணீர் வந்துவிட்டதாம். கரை மேல் ஏறியதும் பார்த்தேன். ஒரு கொக்கு நடுமைதானத்தில் நின்றது.

முப்பிடாதி கரையில் காத்திருந்தாள். ட்ராக் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தாள். பின்னால் பதினான்கு பெண்கள், கல்லூரி பேர் போட்ட சட்டையில், வரிசையாக.

“வாங்க அண்ணாச்சி. பிள்ளைக்கு எப்படி இருக்கு இப்ப?”

அவள் கேட்ட முதல் கேள்வி இது. தேவலை என்றேன்.

“சரி, அளந்துருவோமா?”

மிக்கேல் சார் சிரித்தார். “எதம்மா அளக்க? பரிசல்லயா போவணும்?”

“கிரவுண்டு அங்கனதான் சார் இருக்கு. எங்கயும் போயிரல. மூலைக்கு ஒரு செங்கல் புதைச்சு வச்சிருக்கோம். பிள்ளைங்க காலு கண்டுபிடிச்சிரும்” என்றவள் திரும்பிப் பார்த்து, “எறங்குங்கட்டீ” என்றாள்.

மாரிக்கனிதான் முதலில் இறங்கினாள். தண்ணீர் அவளுக்குத் தொடை வரை வந்தது. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு காலால் தடவித் தடவி நடந்தாள். ஒரு இடத்தில் நின்றாள். “இங்கன இருக்கு மேடம்” என்றாள். மற்றவர்களும் இறங்கினார்கள். நாலு மூலையில் நாலு பேர். நடுக்கோட்டின் இரண்டு முனையில் இரண்டு பேர். மிச்ச எட்டுப் பேரும் உள்கோடுகளின் முனைகளில். ஐந்து நிமிடத்தில் ஒரு முழுக் கபடித் தளம் தண்ணீருக்கு மேலே ஆட்களாக நின்றது.

அளப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. நாடாவின் ஒரு முனையை அந்தக் கல்லூரிக்காரர் பிடிக்க வேண்டும், மறு முனையை ஆய்வுக்கு வந்தவர் பிடிக்க வேண்டும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதற்காக. முப்பிடாதி தண்ணீருக்குள் நின்றுகொண்டு நாடாவை என் பக்கம் நீட்டினாள். “அந்த முனையப் பிடிங்க அண்ணாச்சி.”

என் காலில் ஷூ இருந்தது. படிவத்தை நனையாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஏதோ சொன்னேன். மிக்கேல் சாருக்கு ஐம்பத்தேழு வயது, சர்க்கரை வேறு, காலில் புண் வந்துவிடக் கூடாதென்று வீட்டுக்குள்ளேயே செருப்பு போடுகிறவர். அவர் ஷூவைக் கழற்றி, சாக்ஸை அதற்குள் சொருகி, பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்.

“பன்னெண்டு மீட்டர். எழுதிக்கிடுங்க” என்றார் தண்ணீருக்குள்ளிருந்து. அப்புறம், “எட்டு. ஒரு வெரக்கட கூடத் தப்பல.”

எழுதிக்கொண்டேன். அடுத்த வரி: ‘ஆய்வு நாளன்று ஆடத்தக்க நிலை: உண்டு / இல்லை.’

மிக்கேல் சார் கரையேறி வந்து என் பக்கத்தில் நின்றார். பேண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. “உங்க ரூலு. நீங்களே போடுங்க நாயகம்” என்றார்.

‘இல்லை’யில் டிக் போட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பெண்கள் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். வெளியே வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மாரிக்கனி என் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுதியில் சாப்பாடு. கிளம்பும்போது முப்பிடாதி ஒரு பொட்டலம் கொடுத்தாள். சுக்கு, மிளகு, திப்பிலி, அவளே இடித்ததாம். “காய்ச்சல் விட்டாலும் சளி நிக்கும். தேன்ல கொழச்சுக் குடுங்க.”

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

அறிக்கை எழுதி முடித்தேன். இரண்டு பக்கம். ‘அளவுகள் சரியானவை. ஆய்வு நாளன்று தளம் நீரில் மூழ்கியிருந்தது.’ இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

பொட்டலத்தை உலகு சமையலறை அலமாரியில் வைத்துவிட்டாள். “ஆருக்கு இது?” என்றாள். எல்லாருக்கும்தான் என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

கடற்கரைக் கல்லூரியில் ஆய்வு. மணல் கலந்த தரை, மேட்டில் இருக்கிறது, தண்ணீர் நிற்காது. பெண்கள் கபடி அணி கிடையாது. எல்லாவற்றுக்கும் ‘உண்டு’.

வரும் வழியில் மிக்கேல் சாரிடம் கால் எப்படி இருக்கிறதென்று கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். புதுச் சட்டையில் கழுத்துப் பிடித்தது.

நவம்பர் 3, ஞாயிறு

கறி எடுத்து வந்து கொடுத்துவிட்டு நாளிதழோடு உட்கார்ந்தேன். செண்பகம் வந்து எதிரே உட்கார்ந்தாள். கையில் செல்போன்.

“அப்பா, எனக்கு எப்ப காய்ச்சல் வந்துச்சு?”

நான் நாளிதழைத் தாழ்த்தவில்லை. போன மாதம் லேசாக இருந்ததே என்றேன்.

“மாரிக்கனி தீபாவளி வாழ்த்து அனுப்பியிருந்தா. ‘காய்ச்சல் முழுசாச் சரியாயிட்டா, மேடம் குடுத்த பொடி சாப்பிட்டியா’ன்னு கேட்டிருந்தா. எனக்கு ஒண்ணுமே புரியல. அம்மாகிட்டக் கேட்டேன். அம்மா பொட்டலத்த எடுத்துக் காட்டுனாங்க. இன்னும் பிரிக்கக்கூட இல்ல.”

உலகு சமையலறை வாசலில் நின்றாள். கையில் கரண்டி, முகத்தில் எதுவும் இல்லை.

“என்னன்னு பதில் போட்ட?” என்று கேட்டேன். பாருங்கள், அதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

“சரியாயிட்டுன்னு போட்டேன். உங்களுக்காக நானும் ஒரு பொய் சொல்லியாச்சு.” செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். “அவ வந்தா நான் தோத்துருவேன்னு நெனச்சிட்டீங்களாப்பா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவள் எழுந்து போய்விட்டாள். இருபத்தொரு வருடமாக அவளைத் தூக்கி வளர்த்தவன் அவளிடம் நீ போதாது என்று சொல்லிவிட்டேன். வாயைத் திறக்காமலே சொல்லிவிட்டேன். கறிக்குழம்பு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நவம்பர் 4, திங்கள்

இந்த நோட்டை முன்னால் புரட்டிப் பார்த்தேன். அக்டோபர் 9: ‘தெர்மாமீட்டர் கிடைக்கவில்லை.’ தேடவில்லை என்பதுதான் சரி. அது எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது.

நவம்பர் 9, சனி

வீட்டில் செண்பகம் என்னோடு பேசுவதில்லை. மைதானத்தில் மட்டும் ‘சரி சார்’, ‘ஆமா சார்’. முன்பு மைதானத்தில் சார் என்று கூப்பிட வைக்க நான் ஒரு வருடம் பாடுபட்டேன்.

மிக்கேல் சாரைப் பார்க்க பாளையங்கோட்டைக்குப் போனேன். கூட்டத்துக்கான தாள்களில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டு முடித்ததும் கதவைச் சாத்தினார்.

“நாயகம், நான் ஒண்ணும் கேக்கல. ஆனா ஒரு விசயம் தெரிஞ்சு வச்சுக்கிடுங்க. முதல்ல குறிச்ச தேதி நம்ம பக்கத்துத் தப்பால தள்ளிப் போச்சுன்னு குழுவில ஒருத்தர் எந்திரிச்சுச் சொன்னாப் போதும். அந்தத் தேதிக்கு கிரவுண்டு எப்படி இருந்துச்சோ அத வச்சு முடிவு பண்ணலாம். அந்தம்மா எட்டாந்தேதி சாயந்திரமே கோடு போட்டு, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிச்சிருக்கு.” செல்போனைத் திறந்து காட்டினார். வெடித்த கரிசல் தரையில் வெள்ளைக் கோடு, கத்தி வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது.

“நீங்க சொல்லலாமே சார்” என்றேன்.

“தேதிய நான் தள்ளல.”

பேருந்தில் வரும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்ததும் செண்பகத்தின் அறை வாசலில் நின்று, “பதினாறாம் தேதி கூட்டத்துல எல்லார் முன்னாலயும் சொல்லிருதேன்” என்றேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “நெசமாவா?” என்றாள். ஆமாம் என்றேன்.

நவம்பர் 15, வெள்ளி

நாளைக்குப் பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதினேன். நாலு வரி. சட்டைப் பையில் வைத்துப் பார்த்தேன், வெளியே தெரிந்தது. மடித்து வைத்தேன். செண்பகம் என் வேட்டியை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டிருக்கிறாள்.

நவம்பர் 16, சனி

மணி ஏழு. உலகு கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

கூட்டத்தில் எட்டுக் கல்லூரிகளின் முதல்வர்களும் உடற்கல்வி இயக்குநர்களும் இருந்தார்கள். விண்ணப்பித்த கல்லூரிகள் தங்கள் கொடியோடு ஒரு விளையாட்டு வீரரைக் கூட்டி வரலாம் என்பது வழக்கம். இடம் கிடைத்தால் அந்தப் பிள்ளைதான் மேடையேறிக் கொடியைக் கொடுக்க வேண்டும். கடைசி வரிசையில் முப்பிடாதி பக்கத்தில் மாரிக்கனி உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த கொடி.

நாலுவழிச் சாலைக் கல்லூரி கைதட்டலோடு முடிந்தது. பிறகு என் அறிக்கையை நானே வாசித்தேன். ‘ஆய்வு நாளன்று தளம் நீரில் மூழ்கியிருந்தது’ என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள். எங்கள் முதல்வர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நல்லது செய்தாய் என்பதுபோல.

தலைவர் கேட்டார். “ஆய்வுக் குழு இன்னும் ஏதாச்சும் சொல்லணுமா?”

மிக்கேல் சார் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். தாள் பையில் இருந்தது. நாலு வரியும் மனப்பாடமாக இருந்தது, இப்போது கூடச் சொல்வேன்: ஐயா, ஒன்பதாம் தேதி என் மகளுக்குக் காய்ச்சல் இல்லை. மழை வரட்டும் என்று நான்தான் தேதியைத் தள்ளினேன். இது என் தவறு. ஆனைக்கல்குளத்தின் தளம் அன்றைக்கு ஆடத்தக்க நிலையில் இருந்தது.

“ஒண்ணும் இல்லங்க ஐயா” என்றேன்.

உட்கார்ந்தேன். பத்தாவதாகக் கடற்கரைக் கல்லூரியை அறிவித்தார்கள்.

முடிந்ததும் வாகனம் நிறுத்தும் இடத்தில் முப்பிடாதி நின்றாள். மாரிக்கனியைப் பேருந்து வருகிறதா என்று பார்க்க அனுப்பியிருந்தாள். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவளே வந்தாள்.

“வாரேன் அண்ணாச்சி. அடுத்த தடவ பாப்போம்.”

“முப்பிடாதி, அந்தத் தேதி...”

“தெரியும் அண்ணாச்சி. பதினேழுன்னு நீங்க போன்ல சொன்னப்பவே தெரியும். அந்தப் பக்கத்துலயே பொறந்து வளந்தவங்க நீங்க. ஐப்பசி பொறந்தா குளத்துல தண்ணி நிக்கும்னு உங்களுக்கா தெரியாது?”

“பெறகு ஏன் கேக்கல?”

“கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும். எதுக்கு?” சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. “பிள்ளைங்களுக்குத் தெரியாது. மழ செஞ்ச வேலைன்னு நெனச்சிட்டு இருக்காளுக. அப்படியே இருக்கட்டும். மழகிட்டத் தோத்தா ஒரு வருத்தத்தோட போயிரும். மனுசன் செஞ்சான்னு தெரிஞ்சா, அன்னைக்குத் தண்ணிக்குள்ள நின்னத நெனச்சு நெனச்சு கூசிப் போவாளுக. மாரிக்கனிக்கு இதுதான் கடைசி வருசம்.”

பேருந்து வந்தது. மாரிக்கனி ஓடி வந்து என்னைப் பார்த்து, “வாரேன் சார். செண்பகத்த கேட்டதாச் சொல்லுங்க” என்றாள். கொடியைப் பைக்குள் வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது செண்பகம் வாசலில் நின்றாள். பதின்மூன்று நாளைக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

“சொல்லிட்டீங்களாப்பா?”

“சொல்லிட்டேன்.”

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. யோசிக்கவே இல்லை. முப்பிடாதி சொன்ன இன்னொரு பொய் அதுதான், அதை அவளிடம் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன்.

“என்ன சொன்னாங்க?”

“ரூலுன்னு சொல்லிட்டாங்க. இடம் அந்தக் கடற்கரைக் கல்லூரிக்குத்தான்.”

செண்பகத்தின் கண் நிறைந்துவிட்டது. “பரவால்லப்பா. நீங்க சொன்னீங்கள்லா” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்ததே இல்லை. காபி போட்டுக் கொண்டு வந்தாள், சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். குடித்தேன். நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

பிறகு, “மாரிக்கனிகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுடுதேன்பா. எங்கப்பா எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டாங்கன்னும் சொல்லணும்” என்று செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாரிக்கனி கூட்டத்தில் அங்கேதான் இருந்தாள் என்று செண்பகத்துக்குத் தெரியாது. போகாதே என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. காபித் தம்ளரைக் கீழே வைக்கும் நேரம் போதும். நான் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

இதை எழுதும்போதும் அவள் அறைக் கதவு ஒருக்களித்திருக்கிறது. முதலில் அவள் சிரித்துப் பேசியது கேட்டது. அப்புறம், “இல்லட்டீ, காய்ச்சலே இல்ல, அதத்தான் சொல்ல வாரேன்” என்றாள். கொஞ்ச நேரம் அவள் மட்டும் பேசினாள். ‘எங்கப்பா’ என்று வந்தது. பிறகு, “நீ அங்கயா இருந்த?” என்றாள்.

அதற்குப் பிறகு பேச்சுச் சத்தம் இல்லை. எழுந்திருக்கிறாள். நோட்டை எப்போதும் மேசை டிராயரில் வைத்துப் பூட்டுவேன். இன்று இந்தப் பக்கத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு நகர்ந்து உட்காரப் போகிறேன். வாயால் சொல்ல என்னால் ஆகாது, செண்பகம். அக்டோபர் எட்டாம் தேதியிலிருந்து படி.